மனைவி இல்லை, மக்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்த மகனுக்கு

தம்பி,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உன் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். போன வாரம் வந்தும் பார்த்தேன். வந்து என்ன பேசினேன் என்று உனக்கே தெரியும். பேச வந்ததைப் பேசவில்லை. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று சத்தமாகப் பாடம் சொல்லுகிறவள்தான், ஆனால் வளர்ந்த ஆள் ஒருவர் எதிரில் நின்றால் எனக்கு நாக்கு எழும்புவதில்லை. கடையில் சாமானை மாற்றிக் கட்டிக் கொடுத்தாலும் அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். நீதான் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவாய். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டவில்லை. தை மாதம் உன்னைக் கட்டிக்கொண்டு வரப்போகிற தங்காக் ஊர்ப் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்று சொன்னார்கள். அவளும் படிக்கட்டும். அவளுக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

திங்கட்கிழமை காலை நில ஆபீஸில் உன் மனுவை விசாரிக்கப் போகிறார்கள். செத்துப்போன உன் பெரியப்பா பேரில் இருக்கும் பத்து ஏக்கர் ரப்பர் பால்மரக்காடு அன்றைக்கு உன் பேருக்கு மாறிவிடும். அந்த மனுவை நான் பார்த்துவிட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்துப் போகவில்லை. பெரியம்மா என்னைத் தேடி வந்த மறுநாள், பள்ளிக்கூடம் விட்டதும் நானாகவே போய் அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் கேட்டேன். நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, இங்கிலீஷில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னார். இறந்தவரின் மனைவி என்ற இடத்தில் இல்லை. மக்கள் என்ற இடத்தில் இல்லை. வேறு வாரிசு, தம்பி மகன் ஒருவன் மட்டும். அடியில் தமிழில் உன் கையொப்பம். உன் பேரின் முதல் எழுத்தை ஒரு சுழி அதிகமாக வளைத்துப் போடுவாய். அரிசி பரப்பி உன் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியபோதே அந்தச் சுழியைக் குறைக்கச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால், இது யாரோ போட்ட கையெழுத்தாக இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்து ஆறுதல்பட எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் உனக்குச் சொல்லாமல் விட்ட பாகம் ஒன்று இருக்கிறது. உன் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து காட்டை வெட்டி, எரித்து, கன்று வைத்தார்கள். பட்டா இரண்டு பேர் பேரிலும் இருந்தது. அந்தப் பெரிய விஷக்காய்ச்சல் வந்த வருஷம், மரங்கள் பால் கொடுக்க ஆரம்பித்த சமயம், உன் அப்பா மூன்று நாளில் போய்விட்டார். உனக்கு மூன்று வயது. எனக்குப் பத்தொன்பது. பதினாறாம் நாள் கருமாதி. கொள்ளி வைத்த பிள்ளைக்குத் தாய்மாமன் உருமால் கட்ட வேண்டும், எந்தத் தலையில் அந்தத் துணி ஏறுகிறதோ அவன்தான் இனி செத்தவனுக்குப் பாத்தியப்பட்டவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துகொள்ளும். எனக்கு இந்த மலாயாச் சீமையில் அண்ணன் தம்பி யாரும் இல்லை. தோட்டத்துக் கங்காணிதான் தாய்மாமன் இடத்தில் நின்றார். நீ அதற்குள் என் மடியில் தூங்கிவிட்டாய். கங்காணி புதுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா, எழுப்பலாமா?" என்றார். உன் பெரியப்பா சொன்னார்: "பச்சப்புள்ள, அத எழுப்பி எதுக்கு அழவைக்கிறீங்க. எனக்கே கட்டிவிடுங்க. வீட்டுக்கு மூத்தவன் நாந்தான, எல்லாத்தயும் நாந்தான பாக்கப்போறேன்." கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நான் உனக்குச் சொல்லாமல் விட்டது இதுதான். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. வந்தது நன்றி. பிள்ளையின் தூக்கத்தைக்கூட நினைக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷர் என்று மனசுக்குள் கும்பிட்டேன். எழுப்பியிருந்தால் நீ ஐந்து நிமிஷம் அழுதிருப்பாய், அதோடு போயிருக்கும். உன்னை எழுப்பத் துணியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு நில ஆபீஸுக்கு என்னையும் கூட்டிப் போனார், ஒருவேளை கேட்பார்கள் என்று. வெளியே பெஞ்சில் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அதிகாரி மலாய் பாஷையில் கேட்டது காதில் விழுந்தது, வேறு வாரிசு உண்டா என்று. "தடா, துவான்," என்றார் பெரியப்பா. இல்லை, ஐயா என்று அர்த்தம். அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும். நீ என் மடியில் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தாய். இல்லை என்று சொல்லப்பட்டவன் நீதான். எழுந்து உள்ளே போக நாலு அடிதான். நான் போகவில்லை. பெரியவர்களுக்குத் தெரியாதா, ஏதோ காரணம் இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் உன் அப்பா நட்ட மரங்களிலேயே நான் கூலிக்காரி மாதிரிப் பட்டையைக் கீறிப் பால் வெட்டினேன். கூலியும் கிடையாது. ஒருநாள் மட்டும் பெரியம்மாவிடம் வாய் திறந்து, "அக்கா, தம்பிக்குன்னு ஏதாச்சும் எழுதி வைக்கச் சொல்லுங்க," என்றேன். அவர் புளி கரைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "சோறும் சேலையும் குடுக்குறோம்ல, அதுக்கு மேல தாலியறுத்தவளுக்கு என்ன வேணும்?" என்றார். மறுவாரம் உன்னைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏறினேன். மிஷன் பெண்கள் பள்ளியில் சமையல்கட்டில் வேலை. அரிசி மூட்டை அறையில்தான் நீயும் நானும் படுத்தோம். சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் எதிரில் கரும்பலகை. பாத்திரம் கழுவிக்கொண்டே நான் எழுத்துப் படித்த கதையை நீ உன் நண்பர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லுவாய். சமையல்காரி பரீட்சை தேறி வாத்தியாரம்மா ஆனது, நம் வழியில் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிய முதல் ஆள் நான் என்பது, எல்லாம் நிஜம்தான். ஆனால் அதை நீ சொல்லும்போது ஏதோ நான் ஏறி வந்த கதை போலச் சொல்லுகிறாய். நான் துரத்தப்பட்ட கதை அது. எழுத்து தெரிந்ததால் எனக்குச் சோறு கிடைத்தது. எழுத்து தெரியாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷங்கள் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்குப் பக்கத்தில் தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வீராயி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் என்னைப் போலத்தான், புருஷன் சேர்த்த மூன்று ஏக்கரைக் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டார்கள். வேலை இல்லை என்றதும் தோட்டத்தில் பேர் எழுதிக் கப்பலில் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவளையும் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். "ஊர்ல யாரு இருக்கா?" என்று கேட்டேன். "யாரும் இருந்தா நான் ஏன் டீச்சர் இங்க வந்தேன்," என்றாள். அதே வருஷம் அவள் கொழுந்தன்மார் அந்த மூன்று ஏக்கரில் மரத்துக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்று பிழைத்துக்கொண்டார்கள். விலை ஏறியதும் மறுபடி பால் வெட்டினார்கள். காலடியில் துண்டு மண் இருந்தவன் கெட்ட காலத்தைக் கடந்துவிட்டான், இல்லாதவள் கப்பல் ஏறினாள். என் அம்மாவும் இப்படித்தான் வந்தவள். என் அப்பா செத்து முப்பதாம் நாள் கும்பிட்ட கையோடு பங்காளிகள் புஞ்சையை உழுதுவிட்டார்கள், அவள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் நடந்தாள். நம் குடும்பத்தில் ஆண்பிள்ளை செத்தால் நிலம் அங்கேயேதான் இருக்கிறது. பெண்ணும் அவள் பெற்றதும்தான் இடம் பெயர்ந்து, வேறொரு ஊரில் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தலைமுறைக்குத் தலைமுறை நாம் ஏழையாக இருப்பது சோம்பலால் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று மெள்ளத்தான் விளங்கிற்று.

உன் பெரியப்பாவுக்குப் பிள்ளை வேண்டிக் கடைசியில் பிறந்தது பவளம் ஒருத்திதான். உடம்பு விழுந்ததும் உனக்கு ஆள் அனுப்பினார், கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று. சிங்கப்பூரில் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டுப் போகவா என்று நீ என்னைக் கேட்டாய். போ என்றேன். பகையைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோகக் கூடாது என்றேன். ஐப்பசியில் கருமாதியன்று உன் தலையில் உருமால் ஏறியதைப் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தூங்கிய பிள்ளைக்குக் கட்டாமல் போனது இன்றைக்காவது ஏறியதே என்று, வெட்கமாக இருக்கிறது சொல்ல, சந்தோஷத்தில் அழுதேன். பெரியம்மா அழுதது அப்போது என் காதில் விழவில்லை.

மூன்றாம் வாரம் அவர் பள்ளிக்கு வந்தார். மதியம், இரண்டாம் வகுப்புக்குச் சொல்வது எழுதுதல் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயிலில் ஒரு கிழிந்த குடை, பக்கத்தில் பவளம். நான் பார்த்தேன். பார்த்தும், பத்து வாக்கியத்தையும் முடித்துவிட்டுத்தான் வெளியே போனேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். வேண்டுமென்றே செய்தேன். நிற்கட்டும், நானும் நின்றிருக்கிறேன் என்று இருந்தது. இதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

வெளியே போனதும் அவர், "டீச்சரம்மா, என்னயும் ரெண்டாம் வகுப்புல சேத்துக்க, இனிமே வேற வேல இல்ல," என்றார்.

"என்னக்கா, இந்த வெயில்ல," என்றேன்.

"ஒம்மவன் வீட்ட விட்டு லயத்துக்குப் போகச் சொல்லிட்டான். கல்யாணமாம், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கணுமாம். சரிதான்னு போயிட்டோம். சுண்ணாம்பு அடிச்சு முடிஞ்சிருச்சு, பொட்டிய எடுத்துக்கிட்டுப் போனா வாசல்லயே நிக்க வச்சுப் பேசுறான். ஒங்களுக்குச் சோறும் சேலையும் குடுப்பேன், நெலத்தப் பத்திப் பேசக்கூடாதுங்கிறான்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். "இந்த வார்த்தைய எங்கயோ கேட்டமாதிரி இருக்குதுல்ல, சின்னவளே. சிரிக்கணும்னா சிரிச்சுக்க. சிரிச்சு முடிச்சிட்டுப் புள்ளைக்கு ஏதாச்சும் திங்கக் குடு. காலையிலேர்ந்து வெறும் வயிறு."

நான் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ, ஒரு நொடி, இனித்தது. அந்த இனிப்பு எனக்குத் தெரிந்ததால்தான் உன்னை என்னால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. பவளத்துக்குச் சோறு போட்டேன். அவள் ஒன்றும் தங்கக்கம்பி இல்லை. குழம்பு காரம் என்றாள். ரசம் இல்லையா என்றாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று தடவை கேட்டாள். பதின்மூன்று வயது. நகக்கண்ணில் ரப்பர் பால் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. படிப்பை நிறுத்திப் பால்வெட்டுக்கு அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. அந்த நாற்றம் கையிலிருந்து போவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் ஆபீஸுக்குப் போனேன், அதற்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு. சுவர் வெள்ளையாக இருந்தது. எனக்கு நாற்காலி போட்டாய், கடையில் சொல்லி ரொட்டி வாங்கிவரச் செய்தாய். அம்மாவுக்கென்று தனி அறை என்று திறந்து காட்டினாய். பெரியம்மா படுத்திருந்த அறை அது. நான் அவர் பேரை எடுத்ததும் உன் குரல் மாறியது. "அந்த நெலம் நம்ம நெலம்மா. ஒங்கிட்டருந்து புடுங்குனாங்க, திரும்பி வந்திருக்கு." பாதிதானே என்று முனகினேன். "இத்தன வருஷம் பால் வெட்டித் தின்னாங்கல்ல, அதுக்கு மீதி," என்றாய். பவளம் என்றேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கும்மா நெலம்? நாளைக்கு எவனாச்சும் கட்டிக்கிட்டுப் போவான். நாந்தான சீர் செய்யப்போறேன்." பிறகு, சட்டையை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில், "அவங்க கல்யாணத்துக்குப் பத்திரம் ஏது, அதான் இல்லன்னு எழுதுனோம், தப்பில்லன்னு மனு எழுதுறவரு சொன்னாரு," என்றாய். நான் ரொட்டியைத் தின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

அப்போது சொல்ல முடியாததை இப்போது சொல்லுகிறேன். உன் அப்பா எனக்குத் தாலி கட்டியதற்கும் பத்திரம் கிடையாது. தோட்டத்துக் கோயிலில், கங்காணி முன்னால், நாலு பேர் சாட்சியில் நடந்தது. பெரியம்மாவுக்கும் அதே கோயில்தான். அவர் மனைவி இல்லை என்றால் நானும் இல்லை. பவளம் மகள் இல்லை என்றால் நீ யார்? தை மாதம் நீ கட்டப்போகிற தாலிக்கும் பத்திரம் கேட்டு யாரும் வரப்போவதில்லை. தங்காக்கிலிருந்து வருகிற பெண்ணே, உன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் இதை உனக்கும் சொல்லுகிறேன். பேனாவின் ஒரு கீறலில் இல்லாமல் போகிற இடத்துக்கு நீ வருகிறாய். கேட்க வேண்டியதைக் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்.

உன் பெரியப்பா என்னை ஏமாற்றியபோது இவ்வளவு வலிக்கவில்லை, தம்பி. அவர் அந்நியர், எனக்கு அவர்மேல் என்ன எதிர்பார்ப்பு. நீ செய்தது அப்படி இல்லை. என் பேரைச் சொல்லிச் செய்கிறாய். எனக்கு நடந்ததற்கு ஈடு என்று சொல்லி எனக்கு நடந்ததையே இன்னொருத்திக்குச் செய்துவிட்டு, அவள் படுத்த அறையை எனக்குக் கொடுக்கிறாய். இதில் என் பங்கு இல்லாமல் இல்லை. அரிசி மூட்டை அறையில் உன்னைத் தூங்கவைக்க நான் வேறு கதை சொல்லியிருக்கலாம். அந்தக் காடு நமக்கு உள்ளது, அந்த மரம் உன் அப்பா நட்டது, ஒருநாள் வாங்கிவிட வேண்டும் என்று தினமும் அதையே சொன்னேன். நீ நல்ல மாணவன், சொன்னதை அப்படியே படித்துவிட்டாய். பிடுங்கியவன் யார் என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, பிடுங்குவது என்னவென்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்காக நீ என்மேல் கோபப்படலாம், பொறுத்துக்கொள்கிறேன். பவளத்தின் மேல் போடாதே.

அவர்கள் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். ஒரே அறை, பெரியம்மா குறட்டை விடுகிறார், என் சமையலைக் குறை சொல்லுகிறார். பவளத்தை ஐந்தாம் வகுப்பில் உட்காரவைத்திருக்கிறேன். இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்குப் பிறகு, திங்கட்கிழமைக்குப் பிறகு, அந்தப் பெண் எந்த ஊரில் யார் சமையல்கட்டு ஜன்னலில் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறேன்.

கடைசி வரைக்கும் கேட்காமல் வைத்திருந்த ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வருவேன். சாட்சி சொல்ல என் பேரைக் கிராணியிடம் பதிந்தாயிற்று. யாருடைய மனுவுக்கு எதிராக என்று அவர் கேட்டபோது உன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை, துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வேறு வாரிசு உண்டா என்று அதிகாரி கேட்பார். நீ இல்லை என்றால், நான் எழுந்து, அத்தனை பேருக்கு முன்னால், என் மகன் சொல்வது பொய் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன். ஆனால் அதைச் சொன்ன வாயால் அதன்பிறகு உன்னைத் தம்பி என்று கூப்பிட எனக்கு வருமா என்று தெரியவில்லை. அதிகாரி கேட்டதைக் கிராணி எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள், எனக்கு முந்தி நீ உண்டு என்று சொல்லிவிடு.

அம்மா